பெயரைச் சொல்லி வாங்காதீர்கள், அளவைச் சொல்லித் தையுங்கள்

கேள்வி:

ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டிலிருந்து காய்கறி லோடு அடிக்கிறேன். டாடா ஏஸ், 2009 மாடல், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. டிரைவர் சீட் கிழிந்து ஸ்பாஞ்ச் தெரிகிறது. 'ஏஸுக்கு சீட் கவர்' என்று கேட்டு திண்டுக்கல்லில் ஒரு செட் வாங்கினேன். சாய்மானத்தின் தோள் பக்கம் ஏறவே இல்லை. பிறகு ஆன்லைனில் 'எல்லா வண்டிக்கும் பொருந்தும்' என்று போட்டிருந்த ஒரு செட் வாங்கினேன். அது ஏறியது, ஆனால் ஏறி இறங்கும்போதெல்லாம் சுருண்டு கதவுப் பக்கம் வந்துவிடுகிறது. இன்ஜின் பார்க்க சீட்டைத் தூக்கியபோது அடியில் கட்டியிருந்த எலாஸ்டிக்கும் அறுந்துவிட்டது.

இந்தப் பழைய வண்டிக்குச் சரியாகப் பொருந்தும் கவர் ரெடிமேடில் கிடைக்குமா, தைக்கத்தான் கொடுக்க வேண்டுமா? ரெக்ஸின் போடலாமா, துணி போடலாமா? மதிய வெயிலில் ரெக்ஸின் மேல் உட்கார முடியவில்லை. கொஞ்ச நாளாக இடுப்பு வலியும் இருக்கிறது. வழி சொல்லுங்கள்.

– வாசகர், ஒட்டன்சத்திரம்

பதில்:

தைக்கக் கொடுப்பதுதான் சரி. ஆனால் துணி பார்ப்பதற்கு முன்னால் ஸ்பாஞ்சைப் பாருங்கள்.

உங்கள் கடிதத்தில் மூன்று தொல்லைகள் இருக்கின்றன. தோளில் ஏறாத கவர், வேறு சீட்டுக்கு வெட்டிய கவர். சுருண்டு கதவுப் பக்கம் வருவதில் கவரின் குற்றம் பாதிதான். அடியில் ஸ்பாஞ்ச் உட்கார்ந்துவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம். எலாஸ்டிக் அறுந்ததற்குக் காரணம், சீட்டைத் தூக்கித் திறக்க வேண்டிய வண்டியில் கார் சீட்டுக்கான கட்டு முறையைப் போட்டது. மூன்றுக்கும் தனித்தனி வைத்தியம் வேண்டும்.

'ஏஸ்' என்றால் எந்த ஏஸ்?

டாடா ஏஸ் 2005 மே மாதம் விற்பனைக்கு வந்தது. 702 சிசி, இரண்டு சிலிண்டர் டீசல் இன்ஜின், முக்கால் டன் பாரம். சந்து பொந்தெல்லாம் நுழைந்து வரும் இந்த வண்டிக்கு நம் ஊரில் 'குட்டி யானை' என்ற பெயரே நிலைத்துவிட்டது. அதே குடும்பத்தில் 2007-ல் ஆள் ஏற்றும் மேஜிக், 2009-ல் சூப்பர் ஏஸ், 2011-ல் ஏஸ் ஸிப், 2018-ல் ஏஸ் கோல்டு என்று அடுத்தடுத்து வந்தன. சூப்பர் ஏஸ் கேபின் பெரியது, ஸிப் கேபின் சிறியது. கடையில் நீங்கள் 'ஏஸ்' என்று மட்டும் சொன்னால், கையில் கிடைத்த ஏஸ் கவரைக் கடைக்காரர் எடுத்துக் கொடுத்துவிடுவார். அவரையும் குறை சொல்ல முடியாது. இன்று அதிகம் ஓடுகிற மாடலுக்குத்தான் அவர் சரக்கு எடுத்து வைப்பார். 2009 வண்டிக்கு வருகிறவர்கள் குறைவு.

செகண்ட் ஹேண்ட் வண்டியில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஆர்.சி.யில் தயாரித்த மாதமும் வருடமும் இருக்கும். வண்டி எந்தக் காலத்தது என்று அதில் தெரியும். சீட் எந்தக் காலத்தது என்று தெரியாது. முன்பு வைத்திருந்தவர் பழைய சீட்டைக் கழற்றிவிட்டு வேறு வண்டியின் சீட்டை மாட்டியிருக்கலாம். கூடுதலாக ஸ்பாஞ்ச் வைத்து மேடாக்கியும் இருக்கலாம். இந்த நிலையில் வண்டியின் பெயரைச் சொல்லி வாங்கும் எந்தக் கவரும் குத்துமதிப்புதான். உங்கள் கேபினில் இப்போது இருக்கும் சீட்டின் அளவு ஒன்றைத்தான் நம்பலாம்.

முதலில் ஸ்பாஞ்ச்

நம் வண்டிகளில் டிரைவர் வலது கதவு வழியாக ஏறி இறங்குகிறார். ஒவ்வொரு முறையும் உடம்பின் முழு எடையும் சீட்டின் வலது ஓரத்தில் விழுந்து, தேய்த்துக்கொண்டு போகிறது. மார்க்கெட்டில் லோடு ஏற்றி இறக்கும் வண்டியில் ஒரே நாளில் எத்தனை முறை ஏறி இறங்குகிறீர்கள் என்று நினைத்துப் பாருங்கள். அந்த ஓரத்து ஸ்பாஞ்சுதான் முதலில் நொறுங்கும். நொறுங்கிய இடத்தில் கவரைப் பிடித்து நிறுத்த ஒன்றுமில்லை, அதனால் துணி அந்தப் பள்ளத்தை நோக்கி நழுவுகிறது. இதன் மேல் எவ்வளவு நல்ல கவரைப் போட்டாலும் இரண்டு மாதத்தில் பழைய கதைதான்.

பழைய கவரைக் கழற்றிவிட்டு, நேரான மரச்சட்டம் ஒன்றை சீட்டின் குறுக்கே, இரண்டு ஓரத்திலும் படும்படி வையுங்கள். சட்டம் வலப்பக்கம் சரிந்து நின்றால் ஓரம் போய்விட்டது. அடுத்து, சட்டத்திலிருந்து நடுப்பள்ளம் வரை டேப்பை இறக்கி அளந்துகொள்ளுங்கள். பக்கத்து சீட்டிலும் இதையே செய்யுங்கள். அதில் அவ்வளவு தேய்மானம் இருக்காது. உங்கள் சீட் முதலில் எப்படி இருந்தது என்பதற்கு அதுதான் சாட்சி. கடைசியாக, உள்ளங்கையை விரித்து நடுவில் அழுத்துங்கள். அடியில் உள்ள தகடோ ஸ்பிரிங்கோ கையில் தட்டுப்பட்டால் ஸ்பாஞ்சை முழுதாக மாற்றிவிடுங்கள். தட்டுப்படாமல் ஓரம் மட்டும் போயிருந்தால், அந்த ஓரத்தை மட்டும் நேராக வெட்டியெடுத்துப் புதுத் துண்டு ஒட்டினால் போதும்.

உங்கள் இடுப்பு வலிக்கும் இதில் பங்கு இருக்கலாம். வலது ஓரம் தாழ்ந்த சீட்டில் இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும். அதை நிமிர்த்த முதுகு நாள் முழுக்க எதிர்ப்பக்கம் வளைந்து உழைக்கும். சீட் நேரான பிறகும் வலி நீடித்தால் தள்ளிப்போடாமல் எலும்பு மருத்துவரைப் பாருங்கள்.

ஸ்பாஞ்ச் வாங்கும்போது டென்சிட்டி கேளுங்கள். உட்காரும் பகுதிக்கு 40 டென்சிட்டி, சாய்மானத்துக்கு 32 டென்சிட்டி போட்டால் நன்றாக உழைக்கும். ஒரு கன மீட்டர் ஸ்பாஞ்ச் எத்தனை கிலோ இருக்கும் என்பதே அந்த எண். கையில் அழுத்தும்போது தெரியும் கடினம் வேறு, டென்சிட்டி வேறு; கெட்டியாக இருப்பதெல்லாம் நீடித்து உழைக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். ஸ்பாஞ்ச் தூளை அழுத்தி ஒட்டிய ரீபாண்டட் ஸ்பாஞ்சை அடியில் மெல்லிய அடுக்காகவும், அதன் மேல் 40 டென்சிட்டியும் வைத்தால், பள்ளத்தில் வண்டி இறங்கும்போது அடித்தகடு இடுப்பில் இடிக்காது. அடியில் ஸ்பிரிங் இருந்தால் அதற்கும் ஸ்பாஞ்சுக்கும் நடுவே கனமான துணி ஒன்று கட்டாயம் வேண்டும். இல்லையென்றால் கம்பி ஸ்பாஞ்சை அறுத்துவிடும்.

ஒரு எச்சரிக்கை: சொகுசாக இருக்கட்டும் என்று பழைய உயரத்துக்கு மேல் ஸ்பாஞ்ச் ஏற்றாதீர்கள். இரண்டு இன்ச் ஏறினாலும் கிளட்ச், பிரேக்குக்குக் கால் எட்டுவது மாறும், ஸ்டியரிங் தொடையில் இடிக்கும், கண்ணாடிகளில் தெரியும் காட்சி மாறிவிடும். பக்கத்து சீட்டில் எடுத்த அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அளவு எடுக்கும் முறை

ஸ்பாஞ்சைச் சரிசெய்த பிறகுதான் அளவு எடுக்க வேண்டும். பள்ளத்தோடு எடுத்த அளவில் தைத்த கவர், புது ஸ்பாஞ்சின் மேல் ஏறாது. எடுக்க வேண்டியவை இவை:

1. உட்காரும் பகுதி: முன் அகலம், பின் அகலம், முன்னிருந்து பின் வரை ஆழம், பக்கவாட்டு உயரம். முன் அகலமும் பின் அகலமும் ஒன்றாக இருக்கும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

2. சாய்மானம்: தோள் மட்டத்தில் அகலம், இடுப்பு மட்டத்தில் அகலம், அடியிலிருந்து உச்சி வரை உயரம், கனம். முதல் செட் உங்களுக்குத் தவறியது இங்கேதான். இடுப்பில் சரியாக இருக்கும் கவர் தோளில் முக்கால் இன்ச் குறைந்தாலும் ஏறாது.

3. தலை சாயும் பகுதி: சாய்மானத்தோடு சேர்ந்ததா, கம்பியில் நிற்கும் தனித் துண்டா? தனி என்றால் கம்பி நுழையும் துளைகளின் இடைவெளியும் வேண்டும்.

4. திறப்புகள்: சீட்டை முன்பின் நகர்த்தும் கம்பி, சீட்டைப் பூட்டும் கொக்கி, பெல்ட் பக்கிள் ஒவ்வொன்றும் எந்த ஓரத்திலிருந்து எத்தனை இன்ச் தள்ளி இருக்கிறது என்று குறியுங்கள்.

ஒவ்வொரு அகலத்தையும் இரண்டு முறை எடுங்கள். முதல் முறை டேப்பை நேராகப் பிடித்து. இரண்டாம் முறை டேப்பை ஸ்பாஞ்சின் மேட்டோடு படியவிட்டு. இரண்டாவது அளவு கூடுதலாக வரும். ரெடிமேட் கவர் பெட்டியில் போட்டிருக்கும் நேர் அளவில் இந்த மேடு கணக்கில் வராது. தையல்காரருக்கு வேண்டியது மேட்டோடு எடுத்த அளவு.

கம்பெனியிலேயே தைத்து வந்த பழைய கவர் இன்னும் கையில் இருந்தால், எவ்வளவு கிழிந்திருந்தாலும் எறியாதீர்கள். அதன் தையலைப் பிரித்துத் துண்டு துண்டாக விரித்தால் அதுவே வெட்டு மாதிரி. பிரிப்பதற்கு முன் ஒவ்வொரு துண்டிலும் சாக்பீஸால் 'வலது', 'இடது', 'மேல்' என்று எழுதி, இரண்டு துண்டுகள் சேரும் இடத்தில் குறுக்கே ஒரு கோடு போட்டுவிடுங்கள். தைக்கும்போது அந்தக் கோடுகள் ஒன்றோடு ஒன்று சேர்ந்தால் கவர் முறுக்கிக்கொள்ளாது. பழைய துணி இழுபட்டு நீண்டிருக்கும் என்பதால், டேப்பில் எடுத்த அளவோடு ஒப்பிட்ட பிறகே வெட்டச் சொல்லுங்கள்.

ரெக்ஸினா, துணியா?

நீங்கள் ஏற்றுவது காய்கறி. ஈரச் சாக்கு, மண், மழையில் நனைந்த உடம்பு எல்லாம் சீட்டில் படும். முழுத் துணிக் கவர் ஈரத்தைக் குடித்து ஸ்பாஞ்சுக்குக் கொடுக்கும். ஸ்பாஞ்ச் நாறத் தொடங்கினால் போக்குவது கடினம். முழு ரெக்ஸினில் நீங்களே சொன்ன வெயில் தொல்லை. அதனால் இரண்டையும் கலந்து தையுங்கள். பக்கவாட்டிலும், முன் விளிம்பிலும், தேயும் வலது ஓரத்திலும் ரெக்ஸின். உடம்பு படும் நடுப்பகுதியில் காற்றோட்டமுள்ள கனத்த துணி, அல்லது துளையிட்ட ரெக்ஸின். நடுப்பகுதிக்குத் துணி போட்டால் அதன் மேல் துவைத்துப் போடக்கூடிய டவல் துணி விரிப்பு ஒன்றையும் தைத்து, நாலு மூலையிலும் நாடா வைத்துக்கொள்ளுங்கள். வாரம் ஒருமுறை கழற்றி அலசிவிடலாம்.

நிறம் முக்கியம். கறுப்பு அழுக்குத் தெரியாது என்று எல்லோரும் அதையே எடுக்கிறார்கள். மார்க்கெட் வாசலில் வெயிலில் நிற்கும் வண்டிக்குக் கறுப்பு வேண்டாம். வெளிர் சாம்பலோ மணல் நிறமோ எடுங்கள். உட்காரும்போது சூடு குறைவதை உங்கள் தொடையே சொல்லும்.

ரெக்ஸினைக் கடையில் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் பனியன் துணி போல் பின்னலாக இருந்தால் வளைவுகளில் இழுத்துக் கொடுத்துப் படியும். காகிதம் போன்ற பஞ்சு ஒட்டியிருந்தால் வளைவில் சுருக்கம் விழும், தையலிலும் கிழியும். வண்டியின் உட்புறப் பொருள்கள் சுலபமாகத் தீப்பற்றி எரியாமல் இருப்பதற்கென்று ஐ.எஸ். 15061 என்ற இந்தியத் தரம் இருக்கிறது. ரெக்ஸின் ரோலின் லேபிளில் அந்த எண் இருக்கிறதா என்று கேளுங்கள். இன்ஜின் மேலேயே உட்கார்ந்து ஓட்டும் உங்களுக்கு இது அவசியமான கேள்வி.

அடியில் இன்ஜின் இருக்கிறது

ஏஸில் சீட்டுக்கு அடியில்தான் இன்ஜின். இந்த ஒரு காரணத்துக்காகவே கார் சீட்டுக்கு வரும் கவர்களை இதில் போடக்கூடாது. அந்தக் கவர்களில் எலாஸ்டிக்கும் பிளாஸ்டிக் கொக்கியும் சீட்டின் அடியில் குறுக்கும் நெடுக்குமாக ஓடும். காரில் அங்கே வெறும் தரை. உங்கள் வண்டியில் அங்கே சூடான இரும்பு. உங்களுக்கு எலாஸ்டிக் அறுந்ததோடு போனது. தொங்கிக்கொண்டிருந்த நாடா உருகி ஒட்டியிருந்தாலோ, சுழலும் பெல்ட்டில் மாட்டியிருந்தாலோ ஆபத்து பெரிதாகியிருக்கும்.

உங்கள் கவர் சீட்டின் சட்டத்தோடு முடிந்துவிட வேண்டும். துணியின் விளிம்பைச் சட்டத்தின் உள்பக்கம் மடித்து, பழைய கவர் மாட்டியிருந்த அதே இடங்களில் சிறு கம்பி வளையங்களால் பிடிக்கச் சொல்லுங்கள். அடியில் எதுவும் தொங்கக்கூடாது, குறுக்கே எதுவும் ஓடக்கூடாது.

சீட்டைக் கழற்றியிருக்கும்போதே மூன்று இடங்களைப் பார்த்துவிடுங்கள். இன்ஜின் மூடியின் மேல் சூடு தடுக்கும் விரிப்பு முழுதாக இருக்கிறதா? கிழிந்திருந்தால் கவர் மாற்றினாலும் சூடு குறையாது. அதைத்தான் முதலில் மாற்ற வேண்டும். சீட் சட்டத்தின் வெல்டிங்கில் விரிசல் இருக்கிறதா? சீட்டைப் பூட்டும் கொக்கி அழுத்தமாகப் பிடிக்கிறதா? தேய்ந்த கொக்கி திடீர் பிரேக்கில் விட்டுக்கொடுத்தால் சீட்டோடு நீங்களும் முன்னால் போவீர்கள்.

பெல்ட் பக்கிளைக் கவருக்குள் புதைத்துத் தைப்பதை ஒத்துக்கொள்ளாதீர்கள். பெல்ட் போடாவிட்டால் மோட்டார் வாகனச் சட்டம் 194பி பிரிவில் 1,000 ரூபாய் அபராதம். அதைவிடப் பெரிய விஷயம், ஏஸ் போன்ற வண்டியில் டிரைவருக்கு முன்னால் இடித்துத் தாங்க நீளமான பானெட் கிடையாது. பக்கிள் எப்போதும் வெளியே, ஒரு கையால் மாட்டும்படி நிற்க வேண்டும்.

தையலில் பார்க்க வேண்டியவை

நெருக்கமான தையல் உறுதியானது என்ற எண்ணம் ரெக்ஸினுக்குப் பொருந்தாது. ஊசி போட்ட துளை ரெக்ஸினில் மூடிக்கொள்வதில்லை. துளைகள் நெருங்கினால் தபால்தலைத் தாளைப் போல அந்தக் கோட்டிலேயே கிழிந்து வரும். ஒரு இன்ச்சுக்கு ஆறிலிருந்து எட்டுத் தையல் போதும். நூல் பாலியெஸ்டரோ நைலானோ இருக்கட்டும். பருத்தி நூல் வியர்வையிலும் ஈரத்திலும் இற்றுவிடும். வலது ஓரத்தில் மட்டும் இரட்டைத் தையல் கேளுங்கள். அந்த ஓரத்தின் பைப்பிங்கை விளிம்பிலிருந்து ஒரு இன்ச் உள்ளே தள்ளி வைத்தால், இறங்கும்போது கால்சட்டை உரசித் தேயாது.

கவர் சரியாக இறுகி நிற்க, ஸ்பாஞ்சைக் கவரைவிட அரை இன்ச் பெரிதாக வெட்டுவார்கள். அது தவறில்லை, உள்ளிருந்து ஸ்பாஞ்ச் தள்ளிக்கொண்டிருந்தால்தான் மேலே சுருக்கம் விழாது. மாட்டுவதற்கு முன் கவரைக் கால் மணி நேரம் வெயிலில் விரித்து வைத்தால் ரெக்ஸின் இளகி எளிதாக ஏறும், ஆறியதும் இறுகிக்கொள்ளும்.

எங்கே கொடுப்பது, எப்போது கொடுப்பது?

கார் அலங்காரப் பொருள் விற்கும் கடையைவிட, லாரிக்கும் பஸ்ஸுக்கும் குஷன் வேலை செய்கிற பட்டறையே உங்களுக்கு ஏற்றது. நாமக்கல்லில் லாரி பாடி கட்டுகிறார்கள், கரூரில் பஸ் பாடி கட்டுகிறார்கள். இரண்டு ஊர்களிலும் சீட் வேலையில் தேர்ந்த கைகள் உண்டு. கரூர் உங்களுக்குத் தூரமும் இல்லை. சீட் சட்டமே உடைந்திருந்தால், சென்னை புதுப்பேட்டை போன்ற பழைய உதிரிபாகச் சந்தைகளில் அதே மாடலின் முழு சீட் கிடைக்கிறதா என்று பார்க்கலாம். வாங்குவதற்கு முன் போல்ட் துளைகளும் பூட்டும் கொக்கியும் உங்கள் வண்டியோடு ஒத்துவருகின்றனவா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.

எட்டு வருடம் தாண்டிய சரக்கு வண்டிக்கு வருடம்தோறும் எஃப்.சி. எடுக்க வேண்டியிருக்கிறது. அதற்காகப் பெயின்ட், பட்டி பார்க்க வண்டியை எப்படியும் நிறுத்துவீர்கள். அந்த நாட்களிலேயே சீட்டைக் கழற்றிப் பட்டறையில் கொடுத்துவிட்டால் தனியாக ஒரு நாள் ஓட்டத்தை இழக்க வேண்டாம். விலை பேசும்போது ஸ்பாஞ்ச், ரெக்ஸின், கூலி மூன்றையும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். மொத்தமாகப் பேசினால் குறைவது ஸ்பாஞ்சின் டென்சிட்டிதான். கவருக்குள் போன பிறகு அதை உங்களால் பார்க்க முடியாது.

வேலை முடிந்ததும் பட்டறை வாசலிலேயே சோதித்துவிடுங்கள். சீட்டைப் பலமுறை தூக்கி இறக்குங்கள், எங்கேயும் மாட்டக்கூடாது. முன்பின் கடைசி வரை நகர்த்துங்கள். பெல்ட்டை மாட்டிக் கழற்றுங்கள். வலது கதவு வழியாக எப்போதும்போல் ஏறி இறங்குங்கள், கவர் நகரக்கூடாது. நடுவில் சுருக்கம் தெரிந்தால் 'ஓட்ட ஓட்ட சரியாகிவிடும்' என்ற பதிலை ஏற்காதீர்கள். ஓட்ட ஓட்டச் சுருக்கம் கூடத்தான் செய்யும்.

புது ஸ்பாஞ்ச் முதல் சில நாளில் கொஞ்சம் அமரும். அதனால் இரண்டு வாரம் லோடு அடித்த பிறகு ஒருமுறை கொண்டுவந்து காட்டினால் இறுக்கித் தர வேண்டும் என்று முன்பணம் கொடுக்கும்போதே பேசிவிடுங்கள். பிறகு பராமரிப்பு எளிது: ஈரத்துணியும் கொஞ்சம் சோப்புத் தண்ணீரும் போதும். டீசலோ தின்னரோ தொட்டுத் துடைத்தால் அன்றைக்குப் பளபளக்கும், நாளடைவில் ரெக்ஸின் விறைத்து வெடிக்கும்.

ஒரு நாளில் பாதி நேரம் நீங்கள் இருக்கும் இடம் இந்த சீட். டயருக்கும் இன்ஜின் ஆயிலுக்கும் கணக்குப் பார்க்காமல் செலவு செய்கிற நம் டிரைவர்கள், தங்கள் உடம்பைத் தாங்கும் ஸ்பாஞ்சுக்கு மட்டும் மிச்சம் பிடிக்கிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். கையில் இருக்கும் பணம் குறைவாக இருந்தால் இந்த மாதம் ஸ்பாஞ்சை மட்டும் மாற்றி, மேலே ஒரு கெட்டித் துணியை நாலு பக்கமும் உள்ளே மடித்துக் கட்டி ஓட்டுங்கள். அடுத்த மாதம் கவர் தைத்துக்கொள்ளலாம்.